குல்மார்க்கில் கைடோடு பேக்கன்ட்ரி ஸ்கீயிங், முதல் தடவை: போகலாமா, எப்படித் தயாராவது?

ஆத்தங்குடி பட்டறை

வணக்கம். எனக்கு 36 வயது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். பனியை நேரில் பார்த்தது ஒரே தடவைதான், இரண்டு வருடம் முன்பு காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்கில். நான்கு நாள் ஸ்கீ வகுப்பில் சேர்ந்தேன். பழகுகிறவர்களுக்கான சரிவில் விழாமல் இறங்கவும், நினைத்த இடத்தில் நிற்கவும், இரண்டு பக்கமும் திரும்பவும் வந்தது.

கடைசி நாள் கண்டோலாவில், அதாவது கம்பியில் போகும் பெட்டியில், மேலே கோங்டோரி நிலையத்துக்குப் போகும்போது கீழே பார்த்தேன். தேவதாரு மரங்களுக்கு நடுவே ஐந்து பேர், ஒருவர் பின் ஒருவராக, காலில் ஸ்கீ மாட்டியபடியே மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். ஸ்கீ என்றால் இறங்குவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஊருக்கு வந்து எத்தனையோ நாள் ஆகியும் அந்த ஐந்து பேர் மனசை விட்டுப் போகவில்லை.

வரும் பிப்ரவரி கடைசியில் ஒரு குழு பேக்கன்ட்ரிக்கு, அதாவது ஸ்கீ பாதைக்கு வெளியே மலைக்குள், ஐந்து நாள் அறிமுகப் பயணம் கூட்டிப்போகிறது. ஸ்கீயிலும் வரலாம், ஸ்ப்ளிட்போர்டிலும் (இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டு) வரலாம் என்கிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு ஒன்பது வருடமாக நடக்கிறேன், அதனால் நடையில் பயம் இல்லை. பனிச்சரிவை, மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து வருவதை, நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. வீட்டில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. என் அனுபவத்துக்கு இது சரிவருமா? எதில் போவது? கைடிடம் என்ன கேட்க வேண்டும்? நம் பக்கத்திலிருந்து போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தேவகோட்டை மேகலை

தம்பி, நான் தேவகோட்டை. வயதில் மூத்தவள், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். மூன்று குளிர்காலம் குல்மார்க் போயிருக்கிறேன், அதில் இரண்டு தடவை கைடோடு பேக்கன்ட்ரி. நீங்கள் கேட்டதில் முதல் கேள்விக்கே முதலில் பதில்: நான்கு நாள் அனுபவம் போதாது. ஏறுவதை அங்கேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இறங்குவதை யாரும் நமக்காகச் செய்ய முடியாது. கண்டோலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சரிவு மிதித்து அமுக்கிய பனி. மரத்துக்குள் போனால் முழங்கால் வரை பொடிப்பனி, அதன் மேல் சில இடத்தில் அப்பளம் மாதிரி ஒரு மேலோடு. அதில் திரும்பத் தெரியாமல் போனால் ஒவ்வொரு பத்தடிக்கும் விழுந்து எழ வேண்டும். விழுந்து எழுவதில் போகிற சக்தி, ஏறுவதில் போகிற சக்தியைவிட அதிகம். கூட வருகிறவர்களும் குளிரில் நின்று காத்திருப்பார்கள். அதனால் அந்த ஐந்து நாளுக்கு முன்னால் இன்னும் ஐந்தாறு நாள் சாதாரண சரிவில் பழகிக்கொள்ள வழி இருந்தால் பாருங்கள். பணம் கூடுதலாகும், தெரியும்.

ஏறும் விதத்தைச் சொல்கிறேன். ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ என்று ஒரு நீளப் பட்டையை ஒட்டுவார்கள். ஒரு காலத்தில் சீல் என்ற கடல் விலங்கின் தோலைக் கட்டினார்களாம், பெயர் அதிலிருந்து வந்தது. இப்போது நைலான், அல்லது மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டு மயிர். ஆட்டின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பக்கம் தடவினால் மயிர் சிலிர்த்துத் தடுக்கும் இல்லையா, அதேதான். ஸ்கீ முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. பூட்ஸின் முன்பக்கம் மட்டும் இரண்டு முள்ளில் மாட்டியிருக்கும், குதிகால் தூக்கும். இறங்கும்போது குதிகாலையும் பூட்டிவிடுவோம். புதிதாக வருகிற எல்லோரும் காலைத் தூக்கி வைத்து நடப்பார்கள், நானும் முதல் நாள் அப்படித்தான் நடந்து இடுப்பு விட்டுப்போனது. தூக்கக் கூடாது, தரையோடு தள்ள வேண்டும். உங்களுக்குப் பாதயாத்திரை பழக்கம் இருக்கிறது. மூன்றாம் நாள் கொப்புளத்தோடு காலை இழுத்து இழுத்து ஒரே தாளத்தில் நடப்போமே, கிட்டத்தட்ட அந்த நடை. பேச முடிகிற வேகத்தில் ஏறினால் போதும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

ஸ்கின்னின் பசை குளிரில் செத்துப்போகும். மேலே போய் உரித்ததும் பைக்குள் போடாமல் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். என் இரண்டாம் நாள் ஏற்றம் பாதியில் நின்றதற்கு இதுதான் காரணம். பசையில் பனித்தூள் ஒட்டி, பட்டை கழன்று தொங்கியது. கைடு துணிப்பட்டை சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

இனி பனிச்சரிவு. வயிற்றைக் கலக்குவது நல்லதுதான், அந்தப் பயம் போய்விட வேண்டாம். 2023 பிப்ரவரியில் குல்மார்க்குக்கு மேலே இருக்கும் அஃபர்வாட் மலையில் பனிச்சரிவில் சிக்கி போலந்துக்காரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். எல்லோரும் ஆசையோடு வந்தவர்கள். பெரும்பாலான பனிச்சரிவு 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும். அந்தச் சாய்வு கண்ணுக்குப் பழக வேண்டும். ஊருக்கு வந்ததும் போனில் சாய்வு அளக்கும் செயலியை வைத்து எங்கள் ஐயா வீட்டு ஓட்டுக்கூரையை அளந்தேன், 28 காட்டியது. சின்ன வயதிலிருந்து பார்த்த கூரை. இதைவிடக் கொஞ்சம் செங்குத்தாக இருந்தாலே ஆபத்தான சரிவு என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. நீங்களும் ஒரு கூரையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நாம் நிற்பது 20 டிகிரி ஆனாலும் தலைக்கு மேலே 38 டிகிரி தொங்கினால் நாம் அதன் கீழேதான் நிற்கிறோம்.

ஒவ்வொருவரிடமும் பீக்கன் (சிக்னல் கருவி), ப்ரோப் (குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி) மூன்றும் இருக்க வேண்டும். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் சதா சிக்னல் விட்டுக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறியையும் எண்ணையும் பார்த்து நெருங்கி, கம்பியால் குத்திப் பார்த்து, தோண்டுவார்கள். பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். கீழேயிருந்து உதவி வந்து சேர அரை மணி போதாது. உங்களை எடுக்கப் போவது உங்கள் பக்கத்தில் நிற்கிறவர், அவரை எடுக்கப் போவது நீங்கள். அதனால் கைடுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கைடே புதைந்தால்?

நான் ஒரு பீக்கன் ஜோடி வாங்கி வந்து, அண்ணன் பிள்ளைகளோடு வைக்கோல் போரில் ஒளித்து வைத்துத் தேடினேன். முதல் தடவை பன்னிரண்டு நிமிடம். பொங்கல் லீவு முழுக்கத் தேடித் தேடி மூன்று நிமிடத்துக்கு வந்தது. தேடும்போது செல்போன் அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும், சிக்னலைக் குழப்பும்.

கைடிடம் கேட்க வேண்டியது: ஒரு கைடுக்கு எத்தனை பேர், முதல் நாள் முழுக்க பீக்கன் பயிற்சி உண்டா, எந்தப் படிப்பு முடித்தவர் (ஐ.எஃப்.எம்.ஜி.ஏ. என்ற சர்வதேச மலை கைடுகள் அமைப்பின் சான்று இருந்தால் உயர்ந்தது, இல்லாவிட்டாலும் பனிச்சரிவுப் படிப்பு என்ன என்று கேளுங்கள்). அப்புறம் நான் முக்கியமாக நினைக்கும் கேள்வி: “போன சீசனில் எங்கே பாதியில் திரும்பினீர்கள், ஏன்?” எங்கள் கைடு மூன்றாம் நாள் முகட்டுக்குக் கீழே, இன்னும் இருபது நிமிடம்தான், அங்கே நின்று திரும்பச் சொன்னார். ராத்திரி காற்று அடித்து அந்தப் பக்கத்துச் சரிவில் பனியை அள்ளிக் கொட்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து என்று. சாயங்காலம் விடுதி ஜன்னலில் இருந்து பார்த்தபோது அந்தச் சரிவில் ஒரு நீளக் கோடு கிழிந்து கிடந்தது. தானாகவே இறங்கியிருக்கிறது. எத்தனை மணிக்கு என்று தெரியாது. அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு ஊர்க்கதையே ஒரு மணி நேரம் பேசினேன்.

முன்னாள் ராணுவம், கல்லல்

தம்பி, நான் ராணுவத்தில் இருந்தவன். குல்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி இருக்கிறது, 1948 முதல் இருப்பது. அங்கே பயிற்சி எடுத்தேன், அப்புறம் வேறு பகுதியில் இரண்டு குளிர்காலம். ஒருவரைத் தோண்டி எடுத்திருக்கிறேன். உயிரோடு இல்லை. சரிந்து வந்த பனி நின்ற பிறகு கல் மாதிரி இறுகிவிடும், ஷவல் பிளாஸ்டிக்காக இருந்தால் வளைந்துவிடும். இரும்போ அலுமினியமோதான் வேண்டும், தருகிற குழுவிடம் பார்த்து வாங்குங்கள்.

மேகலை அம்மா சொன்னது எல்லாம் சரி. நான் சேர்ப்பது உடுப்பு. நம் ஊர் பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு ஏறக் கூடாது. ஏறும்போது வேர்க்கும், பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், நின்றதும் அதுவே உயிரை உறிஞ்சும். உடம்பை ஒட்டி கம்பளி அல்லது பாலியெஸ்டர். கிளம்பும்போதே கொஞ்சம் குளிருகிற மாதிரி கிளம்புங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அரை நாள் இருந்தாலும் ராத்திரி கண்ணில் மணல் கொட்டிய மாதிரி எரியும். வெயிலில் வளர்ந்த தோல் என்று நினைக்க வேண்டாம், பனியிலிருந்து வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். தாடைக்கு அடியிலும் கிரீம் தடவ வேண்டும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போக வேண்டாம்.

பள்ளத்தூர் போர்டு

ஸ்ப்ளிட்போர்டு பற்றி நான் சொல்கிறேன், ஏழு வருடமாக ஸ்னோபோர்டு, இரண்டு வருடமாக ஸ்ப்ளிட். ஒரே பலகை, நடுவில் நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். ஏறும்போது இரண்டு ஸ்கீ, இறங்கும்போது கொக்கி போட்டுச் சேர்த்து ஒரே போர்டு. பொடிப்பனியில் இறங்குவது அவ்வளவு சுகம், மிதப்பது மாதிரி இருக்கும். ஆனால் அண்ணே, நீங்கள் கற்றது ஸ்கீ. இப்போது போர்டுக்கு மாறினால் மறுபடி முதல் படியிலிருந்து விழுந்து எழ வேண்டும். ஸ்கீயிலேயே போங்கள். போர்டில் ஏறுவதிலிருந்து இறங்குவதற்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் நேரம் அதிகம் பிடிக்கும், குறுக்குச் சரிவில் அந்த அகலமான பாதிப் பலகை பிடிக்காது, இறங்கும் வழியில் சமதளம் வந்தால் ஸ்கீக்காரர் கோலை ஊன்றிப் போய்விடுவார், நாம் நின்றுவிடுவோம். வழி எங்கே தட்டையாகிறது என்று முன்னாலேயே பார்த்து வேகத்தைக் காப்பாற்ற வேண்டும், அது புதியவருக்கு வராது.

இரண்டு நடைமுறை விஷயம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாற்றுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கொடுத்தார் என்று சாட்டிலைட் மெசெஞ்சர் கருவி எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். ஸ்ரீநகர் விமானம் பனியால் ரத்தாகும், திரும்பும்போது ஒரு நாள் கையிருப்பு வையுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, பாதைக்கு வெளியே ஸ்கீ போனால் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு நான் எடுத்துப் போவது அம்மா பிடித்துத் தரும் பொரிவிளங்கா உருண்டை. சாக்லேட் பார் குளிரில் பல்லை உடைக்கும். உருண்டையைத் தட்டித் துண்டாக்கி கோட்டுப் பையில் போட்டு வாயில் அடக்கிக்கொண்டால் ஏற்றம் முழுக்க வரும். தேன்குழல் எடுத்துப் போனேன், மேலே போகும்போது மாவுதான் இருந்தது.

ஆத்தங்குடி பட்டறை

மூன்று பேருக்கும் நன்றி. அக்கா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். குழுவுக்கு போன் செய்து நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். ஒரு கைடுக்கு எட்டுப் பேர் என்றார்கள். எங்கே திரும்பினீர்கள் என்று கேட்டதற்கு, “எங்களோடு வந்தவர்கள் எல்லோரும் உச்சியைப் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள்” என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த இடத்திலேயே மனசு விட்டுப்போனது. முன்பணம் கட்டவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பனி ஏன் பலகையாக உடைகிறது என்று தேடிப் படித்தேன். குளிர்ந்த தெளிந்த ராத்திரிகளில் தரையை ஒட்டிய பனி சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும், அதன் மேல் புதுப்பனி இறுகிப் படியும், இரண்டுக்கும் ஒட்டு இருக்காது, ஆள் ஏறினால் மேல் அடுக்கு முழுசாக வழுக்கும் என்று இருந்தது. படித்ததும் என் வேலை நினைவுக்கு வந்தது. கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றுவோம், அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவுவோம், அதற்கு மேல் ஈரக் கலவை. நடுவில் அந்த உலர் கலவை சரியாக நனைந்து பிடிக்கவில்லை என்றால், பார்க்க அழகாகத்தான் இருக்கும். பத்து நாள் கழித்து வண்ணம் மட்டும் தகடாகப் பெயர்ந்து வரும். மேலே பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். பனியிலும் அப்படி ஒரு சத்தம் உண்டா?

தேவகோட்டை மேகலை

உண்டு தம்பி. நடக்கும்போது காலுக்கு அடியில் ‘உம்ஃப்’ என்று மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், சுற்றி இருக்கும் பனி ஒரு விரல் அளவு அமுங்கும். உள்ளே அந்த உதிரி அடுக்கு நொறுங்கிய சத்தம் அது. கேட்டால் அன்றைக்குச் செங்குத்தான சரிவு எதுவும் வேண்டாம், திரும்பிவிட வேண்டியதுதான். ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலும் அப்படியே. நல்ல கைடு ஷவலால் ஒரு தூண் மாதிரி பனியை வெட்டி, அதன் மேல் ஷவலை வைத்து முதலில் மணிக்கட்டால் பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து பத்து, பிறகு தோளிலிருந்து பத்து தட்டிக் காட்டுவார். எத்தனாவது தட்டில், எந்த ஆழத்தில் உடைகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் கைக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

அந்தக் குழுவை விட்டது நல்லது. இந்த பிப்ரவரியில் சாதாரண சரிவில் ஒரு வாரம் பழகுங்கள், நானும் கடைசி வாரம் அங்கேதான் இருப்பேன், தங்கையோடு. என்னிடம் இருக்கும் இரண்டு பீக்கனையும் எடுத்து வருகிறேன், பனியில் புதைத்துத் தேடிப் பழகலாம். அதற்கு முன் பொங்கலுக்கு தேவகோட்டை பக்கம் வந்தால் வைக்கோல் போரில் ஒரு கை பார்க்கலாம். பூட்ஸ் அங்கே வாடகைக்கு எடுக்கிறீர்களா? பாதத்தைச் சுவரில் குதிகால் முட்ட வைத்து, காகிதத்தில் வரைந்து சென்டிமீட்டரில் அளந்து வாருங்கள். செருப்பு நம்பரைச் சொன்னால் பெரிதாகக் கொடுத்துவிடுவார்கள்.

ஆத்தங்குடி பட்டறை

26.5 சென்டிமீட்டர் அக்கா. பொங்கலுக்கு மறுநாள் வருகிறேன். அம்மாவிடம் இன்று சொல்லிவிட்டேன், அவரும் கூட வந்து வைக்கோல் போரைப் பார்க்க வேண்டுமாம்.