கையை ஏன் இடுப்பில் தைத்தார்கள்? (எங்கள் குடும்பக் குழு)

பெரியம்மா: தம்பியைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்தேன். மனசே சரியில்லை. கையைக் கொண்டுபோய் இடுப்புக்குக் கீழே தைத்து வைத்திருக்கிறார்கள்! விரலில் அடிபட்டதற்கு அங்கே என்ன வேலை?

சின்ன மாமா: வேறு டாக்டரிடம் காட்டலாமா?

நர்ஸ் அக்கா: பதறாதீர்கள் மாமா, சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அச்சு மெஷின் ரோலர் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் தோலைச் சாக்ஸ் கழற்றுகிற மாதிரி உருவிவிட்டது. எலும்பும் நரம்பு மாதிரி இருக்கும் தசைநாணும் வெளியே தெரிந்தன.

அத்தை: தொடையில் தோல் சீவி ஒட்டுவார்களே?

நர்ஸ் அக்கா: அடியில் ரத்தம் ஓடுகிற சதை இருந்தால்தான் அது பிடிக்கும் அத்தை. வெறும் எலும்பில் பிடிக்காது. அதனால் கவட்டுப் பக்கத்துத் தோலைக் கொழுப்போடு, ரத்தக்குழாயை அறுக்காமல் கிளப்பி விரல்களைச் சுற்றித் தைத்திருக்கிறார்கள். குரோயின் ஃபிளாப் என்பார்கள். 1972-இல் மெக்கிரிகர், ஜாக்சன் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிய முறை.

பெரிய மாமா: அட, நம் தோப்பில் தாய்மரத்துக் கிளையை வெட்டாமலே மாங்கன்றோடு சேர்த்து நெருக்கு ஒட்டு கட்டுவது மாதிரி!

நர்ஸ் அக்கா: அதேதான் மாமா! ஒட்டுப் பிடிக்கும் முன் தாய்மரத்திலிருந்து வெட்டுவீர்களா? இங்கேயும் அப்படித்தான், இதற்குச் சுமார் 3 வாரம் ஆகும். விரலிலிருந்து புது ரத்த ஓட்டம் வந்த பிறகுதான் பிரிப்பார்கள்.

சித்தப்பா: உரிந்த தோலை நான் ஐஸில் போட்டுத்தானே கொண்டுபோனேன்?

நர்ஸ் அக்கா: நேரடியாக ஐஸில் போடக்கூடாது சித்தப்பா. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பைக்குள் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். ஆனால் இவனுக்கு ரோலரில் தோல் நசுங்கிப் போயிருந்தது. எப்படிக் கொண்டுபோயிருந்தாலும் தைத்திருக்க முடியாது. நீங்கள் வருத்தப்படாதீர்கள்.

அண்ணி: அப்புறம் விரல் பழையபடி ஆகிவிடுமா?

நர்ஸ் அக்கா: உண்மையைச் சொல்கிறேன் அண்ணி. முதலில் இரண்டு விரலும் ஒட்டித்தான் இருக்கும். இன்னொரு ஆபரேஷனில் பிரிப்பார்கள், கொழுப்பையும் குறைப்பார்கள். உணர்ச்சி முன்போல வராது, சூடு தெரியாமல் சுட்டுக்கொள்வான். பிடித்து வேலை செய்ய வரும், அதற்குப் பயிற்சி வேண்டும். இப்போதைக்குக் கையை இழுக்கக்கூடாது, தோளை மட்டும் இறுகாமல் அசைக்கட்டும். யாரும் அவன் பக்கத்தில் சிகரெட் பிடிக்காதீர்கள், ரத்தக்குழாய் சுருங்கிவிடும். சின்ன மாமா, உங்களுக்குத்தான்!

சின்ன மாமா: சரி சரி.

பெரியம்மா: பிள்ளை இளைத்துப் போயிருக்கிறான். நாளைக்கு நெய் உருண்டை கொண்டுபோகவா?

நர்ஸ் அக்கா: முட்டை, பருப்பு கொடுங்கள் பெரியம்மா. விரலில் ஒட்டியிருப்பது கவட்டுப் பக்கத்துக் கொழுப்பு. அவன் பெருத்தால் விரலும் பெருக்கும்!