நெக்லைன் உடைஞ்ச உடனே ஷார்ட்டா, குளோசிங் பார்த்துட்டா?

கரடிக்குட்டி: புதுசா வர்றவங்களுக்கு: பங்கு சார்ட்ல நடுவுல உயரமா ஒரு தலை, ரெண்டு பக்கமும் தாழ்வா ஒரு தோள்னு மூணு உச்சி வந்தா அது ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ். நடுவுல இருக்கற ரெண்டு பள்ளத்தையும் சேர்க்கற கோடு நெக்லைன். ஷார்ட்னா கையில இல்லாத பங்கைக் கடன் வாங்கி வித்துட்டு, விலை இறங்கினதும் திருப்பி வாங்கறது. டிக்னா விலையோட மிகச் சின்ன அசைவு, குளோசிங்னா அன்னிக்கு முடிஞ்ச விலை. "நெக்லைனுக்குக் கீழ ஒரு டிக் போனாலே ஷார்ட் அடிக்கணும், குளோசிங்குக்குக் காத்திருக்கறவன் பயந்தாங்கொள்ளி"ன்னு மெழுகுவத்தி மன்னன் நேத்து அருள்வாக்கு சொல்லியிருக்கார். படிச்சதுல இருந்து எரியுது. ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ்ல விக் மட்டும், அதாவது நடுவுல தொட்டுட்டுத் திரும்பின விலை மட்டும், கீழ எட்டிப் பார்த்தா அது உடைஞ்ச கணக்கே இல்ல. குளோஸ் ஆகணும்.

மெழுகுவத்தி_மன்னன்: எரிஞ்சா தண்ணி குடிங்க. கணக்கு வருமா உங்களுக்கு? ஹெட் 250, நெக்லைன் 220, வலது தோள் 236. ஹெட்டுக்கும் நெக்லைனுக்கும் நடுவுல உள்ள 30ஐ நெக்லைன்ல கழிச்சா டார்கெட் 190. நான் 219ல இறங்குறேன், விலை எதிர்ப்பக்கம் போனா நஷ்டத்தோட வெளிய வர்ற ஸ்டாப் 237. ரிஸ்க் 18, ரிவார்டு 29. நீங்க குளோசிங் பார்த்துட்டு 214ல வர்றீங்க. ரிஸ்க் 23, ரிவார்டு 24. இதுக்குப் பேரு ட்ரேடா?

கரடிக்குட்டி: நீங்க 219ல அடிச்ச அன்னிக்கே 223ல குளோஸ் ஆகி, மறுநாள் கேப் அப்ல, நடுவுல வியாபாரமே ஆகாம ஒரே தாவா, 245ல திறந்தா? உங்க 237 ஸ்டாப் 245ல நிறைவேறும். அந்த 26 புள்ளி நஷ்டம் உங்க கணக்கு நோட்டுல எந்தப் பக்கம்?

வால்யூம்_வாத்தியார்: ரெண்டு பேரும் வால்யூம்னு, எத்தனை பங்கு கைமாறுச்சுன்னு, ஒரு வார்த்தை எழுதலையே, பலே! ஹெட்டை விட வலது தோள்ல வால்யூம் சுருங்கியிருக்கான்னு பார்க்காம குளோசிங்காம், டிக்காம். இதைப் போன மாசமே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அப்ப "தாத்தா கதை"ன்னு சிரிச்ச மன்னன் இன்னிக்கு எனக்கே பாடம் எடுக்கறார். இன்னொண்ணு, சார்ட் லாக் ஸ்கேல்ல (சம சதவீத மாற்றத்துக்குச் சம உயரம்) இருக்கா, சாதாரண ஸ்கேலா? அதைப் பொறுத்து நெக்லைனே இடம் மாறும்.

மெழுகுவத்தி_மன்னன்: சாய்வா இருந்தா மாறும் வாத்தியாரே. படுக்கைக் கோடு எந்த ஸ்கேல்லயும் அதே 220தான். பாடம் எடுத்தது தப்பே இல்ல போல.

வால்யூம்_வாத்தியார்: 250, 220ன்னு எழுதினீங்களே தவிர கோடு படுக்கையா சாய்வான்னு எங்க சொன்னீங்க? கேள்வி கேட்டா நக்கல். வால்யூமுக்குப் பதில் வரல, கவனிச்சேன்.

ஓரமா_நிக்கிறவன்: அண்ணே, ஏத்த இறக்க வேகத்தை 0ல இருந்து 100க்குள்ள காட்டற ஆர்எஸ்ஐ 70ஐத் தாண்டினதும் ஷார்ட் போட்டா இந்த வம்பே இல்லையே?

வால்யூம்_வாத்தியார்: தம்பி, அதைக் கண்டுபிடிச்ச வைல்டர் 1978ல கொடுத்தது கண்ணை மூடிட்டு விக்கறதுக்கு இல்ல. ஏத்தம் பலமா இருந்தா 70க்கு மேலயே வாரக்கணக்குல உக்காந்திருக்கும். 2008 அக்டோபர்ல வோக்ஸ்வாகன் என்ன ஆச்சு? பங்கும் ஆப்ஷன் ஒப்பந்தமும் சேர்த்து அந்தக் கம்பெனியில 74 சதவீதம் தன் கையிலன்னு போர்ஷே சொன்ன மறு ரெண்டு நாள்ல விலை 1000 யூரோவைத் தாண்டிருச்சு. ஷார்ட் போனவங்க திருப்பி வாங்கப் பங்கே கிடைக்கல. வாங்கினவனுக்கு நஷ்டம் பூஜ்யத்தோட நிக்கும். ஷார்ட் போனவனுக்கு மேல கூரையே கிடையாது.

கரடிக்குட்டி: அதைத்தான் நானும் சொல்றேன். அதனாலதான் குளோசிங்.

மெழுகுவத்தி_மன்னன்: வோக்ஸ்வாகன்ல குளோசிங் பார்த்துப் போனவனும்தான் மாட்டினான். காப்பாத்தறது ஸ்டாப்பும், எத்தனை பங்கு போடறோம்ங்கற பொசிஷன் அளவும். உங்க குளோசிங் இல்ல.

கரடிக்குட்டி: கேப்ல ஸ்டாப் எங்க காப்பாத்தும்னு அப்பவே கேட்டேன். நழுவுறீங்க. உடைஞ்சு கீழ போனது திரும்ப 220க்கு வரும், அங்க ஷார்ட் போட்டு 225ல ஸ்டாப் வெச்சா ரிஸ்க் வெறும் 5. பொறுமை இருந்தா.

மெழுகுவத்தி_மன்னன்: வரலேன்னா? நேரா 190க்குப் போற சார்ட்டை வேடிக்கை பார்த்துட்டு "பேட்டர்ன் அருமை"ன்னு எழுதுவீங்க. பல தடவை எழுதியும் இருக்கீங்க.

வால்யூம்_வாத்தியார்: திரும்பி வரும்போது வால்யூம் குறைஞ்சிருக்கணும். அதையும் ரெண்டு பேரும் சொல்லல.

மெழுகுவத்தி_மன்னன்: விலை இறங்க வால்யூம் தேவையில்ல. வாங்க ஆள் இல்லேன்னாலே போதும், தன் பாரத்துலயே விழும்.

வால்யூம்_வாத்தியார்: இதைப் போன மாசம் நான் எழுதினேன்! என் வரியை எனக்கே விக்கறார் பாருங்க. இருங்க, அந்தப் பதிவைத் தேடி எடுத்துட்டு வர்றேன்.

ஓரமா_நிக்கிறவன்: அப்ப 219ல போகலாமா, கூடாதா?

கரடிக்குட்டி: குளோஸ் ஆச்சா?