மூன்று அடி என்றால் மூன்று அடிதானா?

நாயாற்றுக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "முல்லைத்தீவில் அலை முன்னறிவிப்புச் செயலி மூன்று அடி அலை காட்டும் நாளில் யாரும் இறங்கி அலைச்சறுக்குப் பழகலாம், அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்குடாவுக்குப் போய்க் காசைக் கொட்டத் தேவையில்லை." படித்ததும் நெஞ்சு எரிந்தது. நீந்தத் தெரியாத பெடியள் நம்பி இறங்கினால் யார் பொறுப்பு? செயலி சொல்வது வெளிக்கடல் அலையின் உயரம். கரையில் உடையும் அலையின் கதை வேறு.

வட்டுவாகல்88:
எழுதியது நான்தான். மூன்று அடி என்றால் மூன்று அடிதான், என் இடுப்பளவு. அதற்கே பயம் என்றால் கிணற்றடியில் குளியுங்கள் அண்ணை.

நாயாற்றுக்காரன்:
தம்பி, 6 விநாடிக்கு ஒன்றாக வரும் மூன்று அடியும் 14 விநாடிக்கு ஒன்றாக வரும் மூன்று அடியும் ஒன்றா? முதலாவது பக்கத்துக் காற்று கிளப்பிய குழப்பம். மற்றது தூரத்துப் புயலில் கிளம்பி வருவது, கரை ஏறும்போது நன்றாக உயரும். மே முதல் செப்டம்பர் வரை அறுகம்குடாவுக்கு அப்படித் தெற்கிலிருந்து வருகிறது. நம்முடையது வடகிழக்கைப் பார்த்த கரை, அந்த அலை நேரே வராது. வாடை தொடங்கினால் காற்று கடலிலிருந்து முகத்தில் அடிக்கும், அலை கண்டபடி உடையும். அதிலா பழகுவது?

ஒட்டுசுட்டான் பிள்ளை:
நான் அறுகம்பேயில் பேபி பொயின்ட் என்ற சின்ன அலை இடத்தில்தான் பழகினேன். மெயின் பொயின்ட்டில் அடியில் பாறை, அங்கே தொடங்க வேண்டாம். வாடைக் காலத்தில் தெற்குக் கரையில் வெலிகம நல்லது, அடி முழுக்க மணல்.

நாயாற்றுக்காரன்:
அறுகம்பே இல்லை, அறுகம்குடா. தமிழில் பெயர் இருக்கிறது பிள்ளை.

ஒட்டுசுட்டான் பிள்ளை:
பொத்துவில் ஆட்களே அப்படித்தான் சொல்கிறார்கள். பெயர் திருத்துவதற்கா இந்தத் திரி?

வட்டுவாகல்88:
எல்லாரையும் திருத்துகிறவர், போன வருடம் என்னிடம் வாங்கிய பலகைக் கயிற்றை, பலகையைக் காலோடு கட்டுவதை, இன்னும் தரவில்லை. மூன்று அடி, மூன்று அடிதான்.

நாயாற்றுக்காரன்:
அந்தக் கயிறு முதல் நாளே இற்றுப் போயிருந்தது. அதை நம்பி இறங்கியது என் பிழை. இப்போது கேள். அப்பா வள்ளம் தள்ளுமுன் மணலில் குந்தியிருந்து அலையை எண்ணுவார். பெரியது நாலைந்து சேர்ந்து வரும், அது போன பிறகுதான் தோள் கொடுப்பார். எந்தச் செயலி இதைச் சொல்லும்? இன்னொன்று: இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகக் கிடக்கும். புதியவன் அதற்குள்தான் இறங்குவான். உள்ளே வந்த தண்ணீர் வெளியே ஓடும் வழி அது. அகப்பட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். போன மாசி மாதம் ஒரு பெடியனைக் கரைவலைக்காரர்தான் இழுத்து எடுத்தார்கள்.

வட்டுவாகல்88:
அவனுக்கு நீந்தத் தெரியாது. அலை அன்றைக்கும் மூன்று அடிதான்.

ஒட்டுசுட்டான் பிள்ளை:
அதைத்தானே அண்ணை முதலிலிருந்து சொல்கிறார்!

வட்டுவாகல்88:
நீங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. ஞாயிறு காலை ஆறு மணிக்கு நிற்கிறேன், அளவுத்தடியோடு வாருங்கள்.

நாயாற்றுக்காரன்:
வருகிறேன். தடியை எங்கே ஊன்றுவாய், வெளிக்கடலிலா, அலை உடையும் இடத்திலா? அதை முதலில் சொல்.

வட்டுவாகல்88:
என் கயிற்றையும் கொண்டு வாருங்கள்.