பொருள்: மறு: மறு: கையேட்டுச் சொற்கள் – "ரிமாண்டில் இருப்பவர்"

பிரிக்பீல்ட்ஸ்:

பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன், செந்தூல் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் பிடிபட்டவர்களின் குடும்பங்களுக்கான சட்ட உதவிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. "ரிமாண்ட்" என்ற ஒரு சொல் இன்னும் இழுக்கிறது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் கணக்கில் வராது. விசாரணை முடியவில்லை என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 117இன் கீழ் காவல் நீட்டிப்பு. 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக் குற்றமானால் முதலில் 4 நாள் வரை, அடுத்து 3 நாள் வரை. 14 ஆண்டோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ என்றால் 7, பிறகு 7. இவர் இருப்பது போலீஸ் லோக்காப்பில். இவரும் "ரிமாண்ட்".

குற்றம் சாட்டப்பட்டு, ஜாமீன் கிடைக்காமலோ பணம் கட்ட முடியாமலோ சிறையில் வழக்குக்குக் காத்திருப்பவரும் "ரிமாண்ட்". இவருக்கு அந்த 7, 14 நாள் கணக்கே கிடையாது. பதினான்கு நாளில் பிள்ளை வந்துவிடுவான் என்று தாய் காத்திருக்கிறார். ஜிஞ்சாங் லோக்காப்பில் இருப்பவரைச் சுங்கை பூலோ சிறையில் தேடுகிறார்கள். இருவருக்கும் வெவ்வேறு பெயர் வேண்டும்.

பட்டர்வொர்த்:

ஐயா, சொல் பஞ்சமில்லை. சந்தேக நபர் என்பதில் சந்தேகம் வடமொழி, நபர் அரபு. "ஐயுறவாளர்" என்போம். லோக்காப்பில் இருப்பவர் "காப்பாளி", சிறையில் இருப்பவர் "தளையர்". கைதி அரபுச் சொல் என்பார்கள், நான் ஒப்புவதில்லை. கையைப் பற்றுவது கைது. கைம்மாறு, கையூட்டு, கைக்கொள் எல்லாம் எங்கிருந்து வந்தன?

ஜார்ஜ்டவுன்:

அண்ணே, கையில் தொடங்குவதெல்லாம் கையிலிருந்து வந்ததாகாது. கைது அரபு "கைத்", உருது வழியே வந்தது. கைதி அதன் பிள்ளை. ஐயத்தைப் பிடித்துக்கொண்டு போனால் "ஐயர்" என்று சுருக்கி எழுதுவார்கள், கோயில் குருக்கள் வழக்குப் போடுவார்! "காப்பாளி" என்றால் காவல்காரர் என்றே படிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜாமீனைப் "பிணை" ஆக்குவது சரி. ஆனால் வரைவின் மூன்றாம் பக்கத்தில் ஜாமீனில் வெளியே இருப்பவரைப் "பிணைக்கைதி" என்று போட்டிருக்கிறீர்கள். அது ஆளைக் கடத்திப் பணயமாக வைத்திருப்பது. "பிணையாளி"யும் ஆகாது, அவர் ஜாமீனுக்குக் கையெழுத்திடுபவர். "பிணையில் இருப்பவர்" என்று நீட்டியே எழுதுங்கள்.

செந்தூல்:

இலங்கையில் "விளக்கமறியல்" என்று நிலைபெற்ற சொல் இருக்கிறதே, எடுத்துக்கொள்வோமா? தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரை "எதிரி" என்கிறார்கள், அதுவும் சுருக்கம்.

ஜார்ஜ்டவுன்:

இங்கே மறியல் என்றால் சாலையில் உட்கார்வது. "உங்கள் மகன் எதிரி" என்று படிக்கும் அம்மா யாருக்கு எதிரி என்று கேட்பார்.

பட்டர்வொர்த்:

அப்படியானால் "குற்றச்சாட்டாளி". குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு 13 எழுத்து, அட்டவணைக் கட்டத்தில் அடங்காது.

பிரிக்பீல்ட்ஸ்:

"ஆளி" செய்பவரையல்லவா சுட்டும்? சாட்டுகிறவர் என்றாகிவிடும்.

பட்டர்வொர்த்:

நோயாளி நோயைச் செய்கிறாரா? கடனாளி கடன் கொடுத்தவரா? தம்பி, உடையவரையும் அது சுட்டும்.

செந்தூல்:

இலக்கணம் உங்கள் பக்கம், ஐயா. ஆனால் வழக்கைத் தொடுப்பவரும் வழக்காளிதான். வாசகர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல முடியாது. சந்தேகத்துக்குச் சங்கை என்றொரு சொல்லும் உண்டு, மலாயின் "சங்கா"வும் அதே சமஸ்கிருத வேரில் வந்தது. "சங்கையர்" என்று... சரி, வேண்டாம்.

ஜார்ஜ்டவுன்:

இதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: தீர்ப்புக்கு முன் எந்தப் பக்கத்திலும் "குற்றவாளி" வரக் கூடாது. "குற்றவாளிக்கு 7 நாள் தடுப்புக்காவல்" என்று தலைப்புப் போடுகிறார்கள். பாண்டியனும் விசாரிக்காமல்தான் "கன்றிய கள்வன்" என்றான். "தடுப்புக்காவல்" தனிப்பிறவி, பொக்கா (குற்றத் தடுப்புச் சட்டம்) போன்ற, நீதிமன்ற விசாரணையில்லாமல் அடைக்கும் சட்டங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். 117க்கு "விசாரணைக் காவல்". சொஸ்மா (பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டம்) 28 நாளுக்குத் தனிக் கட்டம் வேண்டும், 117இன் கணக்கு அதற்குப் பொருந்தாது.

பிரிக்பீல்ட்ஸ்:

நால்வரில் மூவர் சொன்னபடி: சந்தேக நபர், விசாரணைக் காவலில் இருப்பவர் (லோக்காப் ரிமாண்ட்), குற்றஞ்சாட்டப்பட்டவர், வழக்குக்குக் காத்திருக்கும் கைதி (சிறை ரிமாண்ட்). கட்டத்தை அகலப்படுத்தியாயிற்று. போலீஸ்காரர் "ரிமாண்ட்" என்றால் "லோக்காப்பா, சிறையா? எந்தப் பிரிவு? எந்தத் தேதி வரை?" என்று கேட்கும்படி அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

பட்டர்வொர்த்:

அச்சிடுங்கள். தீர்ப்பு வராதவரைக் கைதி என்பதை நான் ஏற்கவில்லை. குற்றவாளி கூடாது என்பவர்கள் இதற்கு மட்டும் எப்படித் தலையாட்டுகிறீர்கள்? "தளையர்" அடுத்த பதிப்புக்கு இருக்கட்டும்.