ஒரிஜின் கட்டத்தில் எந்த நாட்டைப் போடுவதுங்க?

வணக்கம்ங்க. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன், ஷிப்பிங் பேப்பரும் இப்போது என் தலையில்தான். அமெரிக்க பையர் அனுப்பிய ஃபார்மில் ஒரிஜின் என்ற வார்த்தை மூன்று இடத்தில் வருகிறது. கன்ட்ரி ஆஃப் ஒரிஜின் சிக்கலில்லை, நிட்டிங் ஓட்டியதும் தைத்ததும் இங்கேதான், இந்தியா என்று போட்டாயிற்று. போர்ட் ஆஃப் ஒரிஜின் என்றால் சரக்கு கப்பலேறும் தூத்துக்குடி. ஒரிஜின் ஆஃப் ஃபைபர், அதாவது இழை எந்த நாட்டது என்பதில்தான் இடிக்கிறது. நூல் கோயமுத்தூர் மில்லில் வாங்கியது, ஆனால் மில்காரர் குஜராத் சங்கர்-6 பஞ்சோடு வெளிநாட்டுப் பஞ்சும் கலக்கிறார். இங்கே கேட்பது பஞ்சு விளைந்த நாட்டையா, நூல் நூற்ற நாட்டையா?

சீனாவின் சின்ஜியாங் பஞ்சில் செய்த சரக்கைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் அமலுக்கு வந்தது, அதனால்தான் செடி வரைக்கும் தோண்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் விளைந்த நாடுதான் வரணும். கலப்புப் பஞ்சுக்கு எல்லா நாட்டையும் எழுதலாமா? மில்லில் பேல் (பஞ்சுப் பொதி) விவரம் கேட்டால், 'அதெல்லாம் எதுக்குங்க' என்று மழுப்புகிறார்கள். எந்தப் பேப்பரைக் கேட்டு வாங்குவது? இந்த ஃபார்மை நிரப்பிய அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாகணும்.