டொராண்டோவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: ஏரிக்கரையில கூடாரம் போட எங்கே போகலாம்?

தம்பி, ஜூலையில குடும்பத்தோட ரெண்டு ராத்திரி ஏரிக்கரையில தங்கணும்னு கேட்டிருக்கீங்க. அதையும் ஜூன் கடைசியில கேக்குறீங்க! ஒன்டாரியோ பார்க்ஸ் (மாகாணப் பூங்காக்களை நடத்துற அமைப்பு) முன்பதிவு, போய்ச் சேர்ற தேதிக்கு 5 மாசம் முன்னாடி காலையில 7 மணிக்குத் திறந்துடும். ஜூலை 15-க்கு பிப்ரவரி 15. வெளியே பனி கொட்டும், நாம தட்கால் டிக்கெட்டுக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருப்போம். பரவாயில்லை, ரத்து ஆகுற இடங்கள் தினமும் வரும். ஞாயிறு முதல் வியாழனுக்குள்ள தேடுங்க. வெள்ளி, சனியை மறந்துடுங்க.

சின்னப் பிள்ளைங்கன்னு சொன்னதால என் ஓட்டு சாண்ட்பேங்க்ஸ் பூங்காவுக்கு. அங்கே அவுட்லெட் கடற்கரைன்னு ஒண்ணு. பேருதான் கடற்கரை, தண்ணி ஒன்டாரியோ ஏரித் தண்ணி. மணல் தரை, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஆழம் கூடும். அதே பூங்காவுல இருக்குற டூன்ஸ் பக்கம் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ஆனா திடீர்னு ஆழம் இறங்கிடும். பிள்ளைங்களை அங்கே விடாதீங்க. எந்தப் பக்கமானாலும் உயிர்காக்கும் ஆள் கிடையாது, நீங்கதான் பாத்துக்கணும். அங்கே போக மூணு மணி நேரம் வண்டி ஓட்ட யோசனையா இருந்தா, சிம்கோ ஏரிக்கரையில இருக்குற சிபால்ட் பாயிண்ட் பூங்காவுக்குப் போங்க. கூட்டம் நெரியும், ஆனா முதல் தடவைக்குப் போதும். அல்கோன்குவின்னு பெரிய காட்டுப் பூங்கா ஒண்ணு இருக்கு, அதை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்குங்க. மே, ஜூன்ல கறுப்பு ஈ கடிச்சே எடுத்துடும், ஆகஸ்ட்தான் சுகம்.

பூங்காவை விட, அதுக்குள்ள கூடாரம் போடுற இடத்தோட நம்பர் முக்கியம். முதல் வருஷம், பிள்ளைங்களுக்கு வசதின்னு கழிப்பறைக்கு நேர் எதிர்ல எடுத்தோம். விடிய விடிய கூடாரத்து மேல டார்ச் வெளிச்சம், கதவு டமார் டமார்னு. நாலஞ்சு இடம் தள்ளி எடுங்க. பதிவு பண்ற பக்கத்துலயே ஒவ்வொரு இடத்துக்கும் படம் இருக்கும், தரை சமமா, நிழல் இருக்கான்னு பாருங்க. மின்சார வசதி உள்ள இடம் கிடைச்சா விடாதீங்க, குக்கர்ல சோறு வச்சுக்கலாம்.

சோறுன்னதும் ஞாபகம் வருது. அதே ராத்திரி லெமன் சாத டப்பாவை மேசை மேலயே விட்டுட்டுப் படுத்துட்டோம். ரெண்டு மணிக்கு லொட்டு லொட்டுன்னு சத்தம். டார்ச் அடிச்சா, ஒரு ரக்கூன் (பூனையை விடக் கொஞ்சம் பெரிய காட்டுப் பிராணி) மூடியைக் கழட்டி வச்சுட்டு வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்னுக்கிட்டு இருக்கு. எங்களைப் பாத்தும் நகரலை. அல்கோன்குவின் மாதிரி இடத்துல கரடியே வரும். அதனால சாப்பாடு, பற்பசை, சோப்பு எல்லாம் ராத்திரி காருக்குள்ள.

விறகு வீட்டுலேருந்து தூக்கிட்டுப் போகாதீங்க, மரத்தை அரிக்கிற பூச்சி கூடவே வந்துடும். அங்கேயே விப்பாங்க.

இடம் ஏதாவது கிடைச்சா நம்பரைப் போடுங்க, வரைபடத்தைப் பாத்துச் சொல்றேன்.