பாடி மவுண்ட் புஷ் தேய்ந்துவிட்டது: ஒன்றை மட்டும் மாற்றலாமா, முழு செட்டா?

மண்சாலை:
என்னுடையது சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடி தனியாக உட்காரும் பழைய எஸ்யூவி. வேகத்தடை ஏறி இறங்கினாலும், பிரேக்கை அழுத்தினாலும் காலுக்கடியில் 'டொக்' என்று சத்தம். ஷாக் அப்சார்பர், லிங்க், ஆர்ம் புஷ் எல்லாம் பார்த்தாயிற்று, நன்றாகத்தான் இருக்கின்றன. கீழே படுத்துப் பார்த்தபோது இடது முன் பாடி மவுண்ட் ரப்பர் (பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் புஷ்) நசுங்கி, ஓரமெல்லாம் வெடித்து, தட்டினால் துருத்தூள் கொட்டுகிறது. மற்றவை பார்வைக்குப் பரவாயில்லை. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? பாடியை முழுக்கக் கழற்றித் தூக்க வேண்டுமா? ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடலாமா?

ஸ்பானர்செட்:
முழு செட்டையும் மாற்றுங்கள். பார்வைக்குப் பரவாயில்லை என்பதை நம்ப வேண்டாம், மேலே பாரம் அழுத்திக்கொண்டிருப்பதால் உள்விரிசல் தெரியாது. ஒரு இடத்தில் மட்டும் புது ரப்பர் போட்டால் அந்த மூலை உயர்ந்து நிற்கும், பழைய புஷ்கள் தாழ்ந்தே இருக்கும், அப்புறம் கதவு பூட்டு சரியாக விழவில்லை என்று வேறு தலைவலி. பம்பர் சேசிஸில் மாட்டியிருக்கும் வண்டி என்றால், பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஃபெண்டர் பாடியோடு சேர்ந்து இறங்கும், பம்பர் இறங்காது, அதனால் எந்தப் பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பாடியைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு பக்கத்து போல்ட்களை எடுத்துவிட்டு, மறுபக்கத்தில் உள்ளவற்றைத் தளர்த்தி மட்டும் விட்டு, புஷ் வெளியே வரும் அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும். ஜாக்கியை ஒருபோதும் தரைத்தகட்டில் வைக்காதீர்கள், அது குழிந்து உள்ளே போய்விடும். பாடி மவுண்டுக்குப் பக்கத்தில் உள்ள தடித்த இடத்தில், நீளமான மரக்கட்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். கையை நடுவில் விடுவதற்கு முன் பாடிக்கும் சேசிஸுக்கும் இடையே கட்டை செருகிவிடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி விரலை உள்ளே கொடுக்காதீர்கள்.

தூக்கும்போது எதையெல்லாம் பாடி இழுக்கும் என்று முதலிலேயே ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்: ஸ்டியரிங் ஷாஃப்ட் இணைப்பு, பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஊற்றும் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், கியர் லிங்கேஜ், எர்த் வயர். ரேடியேட்டர் பாடியோடு எழும், இன்ஜின் சேசிஸோடு நிற்கும், அதனால் ரேடியேட்டரோடு எழும் ஃபேன் கூண்டு ஃபேனில் இடிக்கும். கூண்டைத் தளர்த்தி வையுங்கள், ஹோஸ்களையும் கவனியுங்கள்.

மலைப்பாதை:
ஸ்பானர்செட் சொன்னது எல்லாம் சரி, ஆனால் இந்த வேலையில் உயிரை வாங்குவது புஷ் அல்ல, போல்ட். நடுவிலுள்ள இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பல வண்டிகளில் நட் பாடிக்கு உள்ளே ஒரு தகட்டுக் கூட்டில் சிறைப்பட்டிருக்கும். அந்தக் கூடு உடைந்தால் போல்ட்டும் நட்டும் சேர்ந்தே சுற்றும், கழலவே கழலாது. அதனால் வேலைக்குப் பல நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை அடியுங்கள். கீழிருந்து மட்டும் அடித்தால் மரைக்குப் போய்ச் சேராது, தரைவிரிப்பைத் தூக்கினால் சில இடங்களில் ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றி மேலிருந்தும் விடுங்கள். இறுகிய போல்ட்டை ஒரே மூச்சில் திருகாமல் கால் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்துங்கள். கேஸ் விளக்கால் சூடாக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள், பக்கத்திலேயே ரப்பரும் எரிபொருள் குழாயும் வயரும் இருக்கின்றன.

பாலியூரித்தேன் பற்றி: நீண்ட நாள் உழைக்கும், எண்ணெய் பட்டாலும் தாங்கும். ஆனால் ரப்பரைவிட விறைப்பு, சாலை அதிர்வும் சத்தமும் உள்ளே கூடுதலாக வரும். தினமும் குடும்பத்தோடு ஓடும் வண்டிக்கு நான் ரப்பரைத்தான் போடுவேன். எதைப் போட்டாலும் எல்லா இடத்திலும் ஒரே வகை.

மண்சாலை:
நன்றி அண்ணா. எண்ணெய் அடித்துவிட்டு லேசாகத் திருகிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கீழே இறங்கவில்லை.

மலைப்பாதை:
கூடு உடைந்துவிட்டது. மேலும் திருகினால் தகடு கிழியும், நிறுத்திவிடுங்கள். உள்ளே தரைவிரிப்பை விலக்கி நட்டுக்கு நேர் மேலே தகட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, ஸ்பானரை நுழைத்து நட்டைப் பிடித்துக்கொண்டால் கழலும். வெட்டுவதற்கு முன் வயர் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். பிறகு புது நட்டை வெல்டிங் வைத்து, ஜன்னலை மூடி, துருத்தடுப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும்.

ஸ்பானர்செட்:
அப்படியே சேசிஸில் புஷ் உட்காரும் தாங்கியையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தாலோ துரு அடுக்கடுக்காக உதிர்ந்தாலோ, முதலில் அதைச் சரிசெய்யாமல் புது புஷ் போட்டுப் பயனில்லை. மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, கதவு இடைவெளி சரிபார்த்த பிறகே டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னொரு முறை டார்க் பாருங்கள், புது புஷ் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.